மலையேற்றமும் நாடிக் கணக்கும்

ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து ஜவ்வாது மலைச்சரிவுகளில் தேகப்பயிற்சிக்காக விரைந்து ஏறுவோர், டிரெட்மில்லில் போலச் சாய்வைத் தம் விருப்பப்படி நிர்ணயிக்க இயலாதாகையால், கால்களின் வேகத்தை விடுத்து இருதயத் துடிப்பையே பிரமாணமாகக் கொள்வது உசிதம். (இம்மலையிலுள்ள காவலூர் வானாய்வுக்கூடம் அமைந்த இடமே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரந்தான்; ஆதலால் மூச்சு வாங்குவது ஏற்றத்தாலேயன்றிப் பிராணவாயுக் குறைவாலன்று.) 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு உத்தேசமாகக் கிடைக்கும், 40 வயதினருக்கு 180. பத்து நிமிஷம் மெல்ல நடந்தபின் வேகமாக ஏறி, அதன் 80 சதவீதமான 144ஐ, அதாவது நின்றவுடன் மணிக்கட்டில் எண்ணுகையில் 15 விநாடிக்கு 36 துடிப்பை, எட்டியதும் நடையைத் தளர்த்தி, அது 27க்கு இறங்கிய பின்னரே மறுபடி விரைக. கடிகாரம் பார்த்து இளைப்பாறுவதினும் தேகமே கூறும் இக்கணக்கு மேலானது என்பது என் திடமான அபிப்பிராயம். இருதய நோயுற்றோரும், துடிப்பைக் குறைக்கும் மருந்து உண்போரும், வைத்தியரைக் கலக்காமல் இப்பயிற்சியைத் தொடங்கலாகாது.