அழுகை நின்ற பின்

நுழையும்முன்

நோயுற்ற குழந்தை அழுதால் தேற்றுகிறோம். அழுகை நின்றதும் தேறிவிட்டதாக எண்ணுகிறோம். அவ்வெண்ணம் பிழையென உணர்த்த ஒருவர் நெடுங்காலம் போராட நேர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பலவற்றில் பெற்றோர் தம் குழந்தையை விரும்பியபோது காண இயலாது. வாரத்தில் ஓரிரு மணிநேரமே அனுமதி. சில இடங்களில் அதுவும் இல்லை. காசநோயுற்ற குழந்தைகளோ மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தனர். தாயைக் கண்டால் குழந்தை அழும், அமைதி கெடும் என்பது அவ்விதிக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

1948ஆம் ஆண்டு, உளமருத்துவர் ஜான் பௌல்பியின் ஆய்வுக்குழுவில் இணைந்த ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனைக் குழந்தைகளை அருகிலிருந்து உற்றுநோக்கினார். புதிதாக வந்த குழந்தை முதலில் கதறியது. பின்னர்ச் சோர்ந்து ஒடுங்கியது. இறுதியில் எல்லோரிடமும் சிரித்துப் பழகியது. ‘குழந்தை பழகிவிட்டது’ என மகிழ்ந்தனர் செவிலியர். ஆனால், தாய் வந்தபோது அக்குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது! அவ்வமைதி நலத்தின் அடையாளம் அன்று. அன்பின்மேல் வைத்த நம்பிக்கை தளர்ந்ததன் அடையாளம் என்றார் ராபர்ட்சன்.

அவர் சொல்லைப் பலர் ஏற்கவில்லை. எனவே, சிறு அறுவை மருத்துவத்திற்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டரை வயதுச் சிறுமியைப் படமெடுத்து, 1952இல் திரையிட்டுக் காட்டினார். மருத்துவர் பலர் சினந்தனர். எனினும், 1959இல் ஹாரி பிளாட் தலைமையிலான குழு, பெற்றோர் தடையின்றி வந்து காணலாம் எனப் பரிந்துரைத்தது. நடைமுறை மாற மேலும் பல்லாண்டுகள் ஆயின.

உடனிருந்தும் உண்மையை மறைத்தால் குழந்தை தனித்தே நிற்கிறது. இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளிடையே ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் மைரா புளூபாண்ட் லாங்னர், தம் நூலை 1978இல் வெளியிட்டார். எவரும் சொல்லாமலே அக்குழந்தைகள் தம் நிலையை அறிந்திருந்தனர். பெற்றோர் வருந்துவரே என்று அறியாதவர்போல் நடித்தனர்.

நம் வீடுகளிலோ, “அடம்பிடித்தால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்” என்று அச்சுறுத்துகிறோம். பின்னாளில் நோய் வரும்போது, தான் செய்த குறும்புக்கான தண்டனை அது என்றே குழந்தை நம்பிவிடுகிறது. ‘இந்நோய் உன்னால் வந்ததன்று; ஊசி சிறிது வலிக்கும்; நான் அருகில் இருப்பேன்’ என்பன போன்ற எளிய சொற்களே அதற்குத் தேவை. ஊசியில்லாத மருந்துக்குழலைக் கொடுத்தால், பொம்மைக்கு மருத்துவம் பார்த்துத் தன் அச்சத்தைக் குழந்தையே வெளிப்படுத்தும்.

புற்றுநோய் மருந்தால் முடி உதிர்ந்த நிலையில் உங்கள் தம்பியோ தங்கையோ வகுப்புத் தோழரோ பள்ளிக்குத் திரும்பலாம். மருந்து நின்றபின் முடி பெரும்பாலும் மீண்டும் வளரும். அதுவரை அவர் தொப்பியை நோக்காமல் முகத்தை நோக்கிப் பேசுங்கள். விடுபட்ட பாடங்களைச் சொல்லிக்கொடுங்கள். அவர் வழக்கமாக அமரும் இடம் காலியாகவே இருக்கட்டும்.