அயல்மொழித் தொழிலாளரும் பணியிட நிருவாகமும்

திருவனந்தபுரத்தின் கட்டட வேலைகளில் 1980-களில் வெளியிலிருந்து வந்த தொழிலாளர் என்றால் பெரும்பாலும் தமிழரே. நாகர்கோவிலும் அதன் சுற்றுப்புறமும் 1956 நவம்பர் 1 வரை அதே மாநிலத்தில் இருந்தவை. அங்கிருந்து வந்த கொத்தனாருக்கு மலையாளம் சில வாரங்களில் பழகிவிடும். பொங்கலுக்குப் பேருந்து ஏறினால் அன்றே வீடு. ஆகவே மொழிக்கென நிருவாகம் தனி ஏற்பாடு எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. செய்யாமலிருப்பதே வழக்கமாகவும் ஆயிற்று.

பின்னர் நிலைமை மாறியது. ஒடிசா, மேற்கு வங்காளம், அசாம், பீகார், ஜார்க்கண்ட் ஆகிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர் வரலாயினர். குலாத்தி நிதி, வரிவிதிப்பு நிறுவனம் 2013-ல் செய்த ஆய்வு, கேரளத்தில் இத்தகையோர் சுமார் 25 லட்சம் பேர் என மதிப்பிட்டது. மறுபுறம், திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தின் முதல் புலம்பெயர்வு ஆய்வு (1998) அயல்நாடுகளில் வாழும் கேரளத்தினர் சுமார் 13.6 லட்சம் பேர் என்றது. 2023-ஆம் ஆண்டு ஆய்வில் இத்தொகை சுமார் 22 லட்சம். ஆட்களை அனுப்பும் மாநிலமே ஆட்களைப் பெறும் மாநிலமாகவும் விளங்குகிறது. காரணம் கூலியே. ஊரகக் கட்டடத் தொழிலாளரின் சராசரி நாட்கூலி 2022-23-ல் கேரளத்தில் சுமார் 850 ரூபாய். நாடு முழுவதற்குமான சராசரி 400 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு.

இடைத்தரகரின் தனியுரிமை

பல மொழியினர் கூடி உழைக்கும் பணியிடத்தில் எழும் இடர்ப்பாட்டைப் பண்பாட்டு வேற்றுமை என்று பொதுவாகச் சொல்லிவிடுவதுண்டு. பொருளியல் நோக்கில் அது சரக்குத் தட்டுப்பாட்டைப் போன்றது. சாரத்தின் மேல் நிற்பவருக்கு "கீழே இறங்கு" என்பது புரிய வேண்டும். கூலியில் பிடித்தம் ஏன் என்று கேட்கவும் அவருக்கு இயல வேண்டும். இரு மொழியும் அறிந்தவர் ஒருவரே இருந்தால், தகவல் முழுவதும் அவர் வழியேதான் செல்லும். அதற்குரிய விலையை அவர் கூலியிலிருந்தே எடுத்துக்கொள்வார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கங்காணிக்கு இருந்த வலிமையின் ஒரு பகுதி இதுவே. தொழிலாளரின் கடனைச் சீட்டில் எழுதி, அக்கடனோடு அவரை மற்றொரு தோட்டத்திற்கு மாற்றிய "துண்டு" முறை 1921-ல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் இடையில் நிற்பவரின் தேவை சட்டத்தால் மட்டும் ஒழிந்துவிடுவதில்லை.

மாநிலங்களுக்கிடையே பெயரும் தொழிலாளர் பற்றிய 1979-ஆம் ஆண்டுச் சட்டம் இதனை நன்கு உணர்ந்திருந்தது. ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் நிழற்படம் ஒட்டிய கைப்புத்தகம் தர வேண்டும். கூலி விகிதம், வேலைக்காலம், பிடித்தங்கள் ஆகியவை அதில் இந்தியிலும் ஆங்கிலத்திலும், தொழிலாளியின் மொழி வேறாயின் அம்மொழியிலும் இருத்தல் வேண்டும் என்றது. எனினும் ஒப்பந்தக்காரர் அழைத்து வந்தவர்க்கே அது பொருந்தியது. அண்ணனையோ ஊர்க்காரரையோ நம்பித் தாமே இரயிலேறி வந்தவர் சட்டத்தின் கணக்கிலேயே இல்லை; கேரளத்திற்கு வருவோரில் இத்தகையோர் ஏராளம்.

உள்ளூரிலேயே உள்ள வளம்

மொழியறிந்த மேற்பார்வையாளருக்கு நெடுந்தூரம் தேட வேண்டியதில்லை. வளைகுடா நாடுகளின் தொழிலாளர் குடியிருப்புகளில் இந்தியும் உருதுவும் கலந்த பேச்சே பொதுமொழி. அங்குப் பல ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய மலையாளிகள் அதை நன்கறிவர். அயல்மொழி பேசும் முதலாளியின் முன் நிற்பது எத்தகையது என்பதும் அவர்கள் அறிந்ததே. ஆயினும் இவ்வனுபவத்திற்குக் கூலிப் பட்டியலில் மதிப்பில்லை. வங்காளமும் அசாமியமும் பேசுவோர்க்கு இந்தி ஓரளவே உதவும் என்பதும் உண்மை.

மாநில அரசின் முயற்சிகள் குறைந்தவையல்ல. 2010-ல் நலத்திட்டம், 2017-ல் "ஆவாஸ்" காப்பீடு, எழுத்தறிவு இயக்கம் மலையாளம் கற்பிக்க அதே ஆண்டில் பெரும்பாவூரில் தொடங்கிய "சங்ஙாதி" வகுப்புகள். இவற்றுள் மூன்றாவதே பணியிடத்திற்கு மிக நெருக்கமானது. ஆனால் நாள் முழுவதும் செங்கல் சுமந்தவர் மாலையில் பாடத்திற்கு வர வேண்டுமெனில் வகுப்பு நேரத்திற்கும் கூலி தரப்பட வேண்டும். அதனை முதலாளி தருவாரா?

2020 மார்ச் 29 அன்று, ஊரடங்கின்போது, கோட்டயம் மாவட்டம் பாயிப்பாட்டில் தொழிலாளர் பெருந்திரளாகத் தெருவில் கூடி ஊர் திரும்ப வழி கேட்டனர். அக்காலத்தில் முகாம்களில் சோற்றுக்குப் பதிலாகச் சப்பாத்தியும் பருப்பும் உருளைக்கிழங்கும் வழங்கவும், பல மொழிகளில் பதில் சொல்லும் தொலைபேசி மையம் நடத்தவும் ஏற்பாடாயிற்று. பெருஞ்செலவு பிடிக்காத இவ்வேற்பாடுகள் நெருக்கடி வந்த பின்னரே தோன்றின.

1979-ஆம் ஆண்டுச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் (2020) அடங்கிவிட்டது. தாமே வந்தவரையும் புதிய சட்டம் கணக்கில் கொள்கிறது. இது பெரிய முன்னேற்றம். ஆனால் பழைய சட்டம் ஐந்து பேர் இருந்தாலே பொருந்தியது. புதியதற்குப் பத்துப் பேர் வேண்டும். நகரின் புறத்தே எழும் தனி வீட்டில் ஒரு மேஸ்திரியும் ஏழெட்டு அயல்மொழியினரும் வேலை செய்தால், அவர்களுக்குக் கூலிக் கணக்கைப் புரியும் மொழியில் சொல்லும் பொறுப்பு இன்றும் அந்த மேஸ்திரியின் விருப்பத்திலேயே இருக்கிறது.