தூரம் மாறாவிட்டால் சுழற்சி ஆகிவிடுமா?

"மையத்திலிருந்து உள்ள தூரம் மாறாமல் புள்ளிகள் இடம் மாறினால் அது சுழற்சி." வடிவியல் பேச்சு வந்தாலே இந்த வாக்கியம்தான் காதில் விழுகிறது. மாணவர்கள் ஒப்பிக்கிறார்கள், கேட்கிற பெரியவர்களும் தலையாட்டுகிறார்கள். இது தவறு. எத்தனை முறைதான் சொல்வது?

ஆதிப்புள்ளியை மையமாக வைத்து வரைபடத்தாளில் (3, 4) என்ற புள்ளியைக் குறியுங்கள். மையத்திலிருந்து 5 அலகு. கிடை அச்சில் எதிரொளித்தால் அது (3, −4) ஆகும். தூரம் அதே 5. தாளில் எந்தப் புள்ளிக்கும் இதே கதைதான். அப்படியானால் எதிரொளிப்பும் சுழற்சியா?

"சுழற்றியும் (3, −4)-க்குக் கொண்டுபோகலாமே" என்று மடக்குவார்கள். அந்த ஒரு புள்ளியைக் கொண்டுபோகலாம். மற்றவற்றைப் பாருங்கள். (1, 0) அசையவே இல்லை. அதற்குக் கோணம் 0°. (0, 1) போய் (0, −1) ஆகிறது, அதற்கு 180°. ஆளுக்கொரு கோணம். அட்டையில் 'ச' எழுத்தை வெட்டி மேசைமேல் நாள் முழுக்கத் திருப்பினாலும் கண்ணாடியில் தெரியும் 'ச' வராது. அட்டையைத் தூக்கிப் புரட்டினால்தான் வரும்.

'எல்லாம் ஒரே திசையில் திரும்ப வேண்டும்' என்று ஒட்டுப் போட்டால் போதுமா? போதாது. மையத்திலிருந்து 1 அலகில் உள்ளவை 90°, 2 அலகில் உள்ளவை 180° என, தூரம் கூடக் கூடக் கோணமும் கூடட்டும், எல்லாம் இடஞ்சுழியாகவே. (1, 0) போய் (0, 1)-இல் நிற்கும். (2, 0) போய் (−2, 0)-இல் நிற்கும். 1 அலகு இடைவெளியில் இருந்தவை √5 அலகு விலகிவிட்டன. நேர்க்கோடு நத்தைக்கூடாகச் சுருண்டுவிட்டது. இதையுமா சுழற்சி என்பீர்கள்?

சரியான வரையறைக்கு ஒரு மையமும் திசையோடு கூடிய ஒரு கோணமும் வேண்டும். மையம் அசையாது. மற்ற எல்லாப் புள்ளிகளும் மையத்திலிருந்து தம் தூரம் மாறாமல், அந்த ஒரே கோணத்துக்கு, அந்த ஒரே திசையில் திரும்பும். 'ஒரே கோணம்' விடுபட்டால் வரையறையே இல்லை.

மற்றவை சில்லறை. மையம் உருவத்துக்குள் இருந்தாக வேண்டுமாம். வெளியே எங்கும் இருக்கலாம். சுழல் சமச்சீர் உள்ள உருவத்துக்குச் சமச்சீர்க் கோடும் உண்டாம். சாய்ந்த இணைகரத்தை 180° திருப்பிப் பாருங்கள், பொருந்தும், ஆனால் பக்கங்கள் சமமில்லையென்றால் ஒரு கோடும் கிடைக்காது. இரண்டு சுழற்சிகள் சேர்ந்தால் சுழற்சியேதானாம். (0, 0)-ஐச் சுற்றி 180°, பிறகு (1, 0)-ஐச் சுற்றி 180° திருப்பினால், தாள் முழுவதும் 2 அலகு வலப்பக்கம் நகரும். வெறும் இடப்பெயர்வு!

வரையறையை உருப்போட வைப்பதுதான் இதற்கெல்லாம் வேர். இம்ரே லகாடோஷின் 'சான்றுகளும் மறுப்புகளும்' 1976-இல் நூலாக வந்தது. அதில் வகுப்பறை மாணவர்கள் எதிர் எடுத்துக்காட்டுகளால் வரையறைகளை உடைத்து உடைத்தே திருத்துகிறார்கள். நம் வினாத்தாள்களில் 'வரையறு' என்று மட்டும் கேட்டது போதும். தவறான வரையறை ஒன்றைக் கொடுத்து 'இதை உடை' என்று கேளுங்கள், ஆசிரியர்களே. முழு மதிப்பெண்ணையும் அதற்கே கொடுங்கள்.