ஒரு விஞ்ஞானியை எதை வைத்து அளப்பது?

அன்புள்ள மலர்விழிக்கு,

எத்தனை கட்டுரை எழுதினார், எத்தனை பேர் அவற்றை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணினால் ஒரு விஞ்ஞானியின் தரம் தெரிந்துவிடுமா என்று கேட்டிருந்தாய். எண்ணிக்கைக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பினால் முக்கியமான சங்கதி கைநழுவிப் போகும். அதற்காகத்தான் பருவநிலை விஞ்ஞானி வீரபத்ரன் ராமநாதனைப் பற்றி எழுதுகிறேன்.

தமிழ்வழியில் படித்துக்கொண்டிருந்த சிறுவன் அவர். பதினோரு வயதில் குடும்பம் பெங்களூருக்குப் போனது, பாடமெல்லாம் ஆங்கிலமாயிற்று. ஆசிரியர் பேச்சைக் கேட்கும் பழக்கமே விட்டுப்போய், எதையும் தானே யோசித்துப் புரிந்துகொள்ள வேண்டியதாயிற்று என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்தபின் செகந்தராபாத்தில் குளிர்சாதனத் துறையில் வேலை. ஃபிரிட்ஜிலிருந்து வாயு ஏன் கசிகிறது என்று பார்ப்பதுதான் அங்கே அவர் பொறுப்பு. 1970இல் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றார். அங்கே அவருடைய பேராசிரியர் ராபர்ட் செஸ் தன் ஆராய்ச்சியைக் கோள்களின் வளிமண்டலத்துக்குத் திருப்ப, மாணவரும் அந்தப் பக்கம் திரும்பினார்.

அந்த நாளில் ஃபிரிட்ஜில் அடைத்த வாயு குளோரோஃபுளோரோகார்பன். அது ஓசோன் படலத்தை அரிக்கும் என்று வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் 1974இல் எச்சரித்திருந்தார்கள். நாசாவின் லாங்லி மையத்தில் இருந்த ராமநாதன் வேறொன்றைக் கேட்டார்: இந்த வாயு வெப்பத்தை என்ன செய்கிறது?

பூமி தன் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வெளியே அனுப்புகிறது. நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அதில் பெரும்பகுதியை மறித்துக்கொள்கின்றன. ஆனால் 8 முதல் 12 மைக்ரான் வரையிலான அலைநீளத்தில் ஒரு சன்னல் திறந்திருக்கிறது. சூடு தப்பிப்பது பெரிதும் அதன் வழியாகத்தான். குளோரோஃபுளோரோகார்பன் சரியாக அந்தச் சன்னலைத்தான் அடைக்கிறது. அதன் ஒரு மூலக்கூறு, கார்பன் டை ஆக்சைடின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளுக்குச் சமம். 1975இல் ‘சயின்ஸ்’ இதழில் இது வெளிவந்தபோது மொத்தமே மூன்று பக்கம்! புவி வெப்பமாவதற்குக் கார்பன் டை ஆக்சைடு ஒன்றே காரணம் என்றிருந்த எண்ணத்தை அந்த மூன்று பக்கம் மாற்றிவிட்டது.

1987இல் மாண்ட்ரியலில் நாடுகள் இந்த வாயுக்களைக் கட்டுப்படுத்த ஒப்புக்கொண்டது ஓசோனுக்காகத்தான். ஆனால் 2007இல் சில விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, புவி வெப்பத்தைத் தணிப்பதில் அந்த உடன்படிக்கை, வெப்பத்தைக் குறைக்கவென்றே வந்த கியோட்டோ ஒப்பந்தத்தின் முதல் கட்ட இலக்கைவிடப் பல மடங்கு சாதித்திருப்பது தெரிந்தது. மாற்றாக வந்த ஹைட்ரோஃபுளோரோகார்பன்கள் ஓசோனைத் தொடவில்லை, ஆனால் சூட்டைப் பிடித்துவைத்தன. 2016இல் கிகாலியில் அவற்றையும் குறைக்க முடிவெடுத்தார்கள். இம்முறை காரணம் வெப்பமே.

புவி வெப்பமாவது 2000ஆம் ஆண்டுக்குள் அளவீடுகளில் தெளிவாகத் தெரிந்துவிடும் என்று சக விஞ்ஞானி ரோலண்ட் மேடனுடன் சேர்ந்து 1980இலேயே எழுதியவரும் இவர்தான்.

ஆனால் இவருடைய துணிச்சலை நான் மிகவும் மதிப்பது இந்தியப் பெருங்கடல் ஆய்வில். 1999இல் இவரும் வளிமண்டல வேதியியலாளர் பால் குருட்சனும் இருநூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளைக் கூட்டிக்கொண்டு மாலத்தீவை மையமாக வைத்து அளந்தார்கள். தெற்காசியாவிலிருந்து கிளம்பிய புகைமூட்டம், சுமார் மூன்று கிலோமீட்டர் தடிமனில் கடலின் மேல் பரவிக் கிடந்தது. அது வெயிலைத் தடுத்துத் தரையைக் குளிர்விக்கிறதா, காற்றைச் சூடாக்குகிறதா? இதற்கு நேரடி அளவீடு வேண்டும். 2006இல் மாலத்தீவின் ஹனிமாதூ தீவிலிருந்து ஆளில்லா விமானங்களை அனுப்பினார்கள். ஒவ்வொன்றும் முப்பது கிலோ அளவுக்குத்தான் இருக்கும். ஒன்று மூட்டத்துக்கு மேலே, ஒன்று உள்ளே, ஒன்று கீழே, ஒரே நேரத்தில் பறந்தன. மேலே விழும் வெளிச்சத்துக்கும் கீழே எட்டும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு, இடையில் புகை எவ்வளவு விழுங்கியது என்று கணக்கிட்டார்கள். கீழ் வளிமண்டலத்தைச் சூரிய ஒளி சூடாக்குவதைப் புகைமூட்டம் ஏறத்தாழ 50 சதவீதம் கூட்டியிருந்தது. எவ்வளவு எளிய ஏற்பாடு, பார்!

அந்த மூட்டத்தில் விறகடுப்புகளிலிருந்தும் வந்து சேரும் புகைக்கரி காற்றில் ஒன்றிரண்டு வாரம்தான் நிற்கும். அதைக் குறைத்தால் பலன் சீக்கிரம் கிடைக்கும். இந்த அறிவு அடுப்படிக்குப் போக வேண்டும் என்று நினைத்த ராமநாதன், உத்தரப் பிரதேசத்தின் ஒரு கிராமத்தில் ‘சூர்யா’ திட்டத்தைத் தொடங்கினார். சமையலறைக் காற்றை வடிகட்டித் தாளில் இழுத்து, படிந்த கறுப்பைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பினால், நிறத்தைக் கொண்டு கரியின் அளவைச் சொல்லிவிடும் முறையை அதில் பயன்படுத்தினார்கள்.

வாடிகனின் அறிவியல் கழகத்தில் 2004 முதல் உறுப்பினரான அவருக்கு, 2014இல் அங்கே கார் நிறுத்துமிடத்தில் போப் பிரான்சிஸிடம் ஓரிரு வாக்கியம் பேச வாய்ப்புக் கிடைத்தது. மாசு பெரும்பாலும் வசதி படைத்த நூறு கோடிப் பேரால் வருகிறது, அடிபடுவதோ பரம ஏழைகளான முந்நூறு கோடிப் பேர் என்றார். மறு ஆண்டே பருவநிலை பற்றிய போப்பின் சுற்றுமடல் வந்தது.

மேற்கோள் எண்ணிக்கையில் அடுப்படியும் வராது, கிகாலியும் வராது. கல்லூரி நூலகத்தில் அந்த 1975 கட்டுரையைக் கேட்டு வாங்கிப் படி, மலர். புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வை. தீபாவளிக்கு வரும்போது உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் சித்தப்பா