மறுபடி கிடைக்காத நாள்



ஜனாஸா வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கும் வார்த்தை, "அத்தாகிட்ட இன்னும் கொஞ்சம் உட்கார்ந்து பேசியிருக்கலாமே" என்பதுதான். அந்த ஏக்கத்தைத் தொடும் ஓர் ஆங்கிலக் காதல் படம் 2013-இல் வந்த 'அபவுட் டைம்'. இயக்கியவர் ரிச்சர்ட் கர்ட்டிஸ்.

டிம் என்ற இளைஞனுக்கு 21 வயதானதும் தந்தை குடும்ப ரகசியத்தைச் சொல்கிறார்: அவ்வீட்டு ஆண்களால் கடந்த நாளுக்குத் திரும்பிப் போக முடியும். பின்னாளில் புற்றுநோயுற்ற அந்தத் தந்தை ஒரு யோசனை கூறுகிறார்: ஒரு நாளை வழக்கம்போல் வாழ்; அதே நாளை மறுபடி வாழ்ந்து, பதற்றத்தில் பார்க்கத் தவறியதைப் பார். மறுமுறை டிம் கடைப் பெண்ணிடமும் முகம் பார்த்துப் புன்னகைக்கிறான். முடிவில் திரும்பிப் போவதையே விட்டுவிட்டு, ஒவ்வொரு நாளையும் முதல் தடவையிலேயே கவனத்தோடு வாழ்கிறான்.

இது கற்பனை. காலம் அல்லாஹ்வின் கையில் உள்ளது. மரண வேளையில் திருப்பி அனுப்பும்படி கெஞ்சுபவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை என அல்-முஃமினூன் அத்தியாயத்தின் 99, 100 வசனங்கள் எச்சரிக்கின்றன. காலத்தின் மீது சத்தியமிட்டே அல்-அஸ்ர் அத்தியாயம் தொடங்குகிறது. நமக்குள்ளது ஒரே தடவைதான்.

ஆகவே இன்று இஷாவுக்குப் பின் கைப்பேசியை ஒதுக்கிவைத்து, பெற்றோர் அருகில் பத்து நிமிடம் அமர்வோம். வெளிநாட்டில் இருப்போர் பணம் அனுப்புவதோடு நிறுத்தாமல் உம்மாவின் குரலையும் கேட்கட்டும். யாரிடமாவது கடுமையாகப் பேசியிருந்தால், ஸலாம் சொல்லி இன்றே மன்னிப்புக் கேட்போம்.

கிடைத்த நாளை வீணாக்காதவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.