இலகுக் கற்சுவரின் சுபாவமும் பூச்சு வேலையும்

செங்கற் சுவரில் பழகிய கை, ஏஏசி பிளாக் என்னும் இலகுக் கல்லிடம் வந்தவுடன் தன் பழைய வழக்கங்களிற் பலவற்றைத் துறந்தாக வேண்டும் என்பதே, சென்னைப் புறநகரில் வீடு கட்டுவித்த காலத்தில், அனுபவம் முதிர்ந்த கொத்தனார் ஒருவரின் அருகில் நின்று நான் கற்ற பிரதான பாடம். 1920களில் ஸ்வீடன் தேசத்துக் கட்டடக்கலைஞர் யோஹன் ஆக்ஸல் எரிக்ஸன் கண்டுபிடித்த இக்கல், சிமென்ட், சுண்ணாம்பு முதலியவற்றோடு அலுமினியத் தூளைக் கலந்து, அதனாற் பிறக்கும் வாயுவினால் பொங்கச் செய்து, நீராவியின் அழுத்தத்தில் பதப்படுத்தப்படுவது. ஆதலால் உடலெங்கும் நுண்ணிய துவாரங்கள் கொண்டு, மேலே படும் நீரை விரைந்து இழுத்துக்கொள்வதும், உள்ளே புகுந்ததைத் தாமதமாகவே வெளிவிடுவதும் அதன் சுபாவமாயின.

இந்தச் சுபாவத்தை உணர்ந்தவர், மண்ணின் ஈரம் ஓயாது ஏறும் அஸ்திவாரத்தில் இக்கல்லை வையாமல், பேஸ்மட்டம் வரையில் திண்ணிய கான்கிரீட் கல்லையோ செங்கல்லையோ வைத்து, அதன்மேல் ஈரத்தடுப்புப் படை ஒன்றை இட்ட பிறகே இதை அடுக்குவார்.

பூசுமுன் சுவரின் தூசியைத் துடைத்து, செங்கல்லுக்குச் செய்வதுபோல் நீரில் ஊறவிடாமல், மேற்பரப்பு மட்டும் நனையும்படி லேசாகத் தெளித்தல் போதும். நனைக்காமலே விட்டால் கலவையின் நீரைக் கல்லே குடித்துவிடும், மிகையாக நனைத்தாலோ பின்னர் உலரும்போது கல் சுருங்கிப் பூச்சு வெடிக்கும். தூணும் உத்தரமும் கல்லைச் சந்திக்கும் இடங்களில் கோழிவலையை இருபுறமும் பரவ அடித்துக்கொள்வது அவசியம். சிமென்ட் அதிகமானால் பூச்சு பலப்படும் என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. சிமென்ட் ஒன்றுக்கு மணல் ஆறு என்ற மெலிந்த கலவையே மென்மையான இக்கல்லோடு இணங்கும். உட்புறத்தில் 12 மில்லிமீட்டர் கனம் போதும். வெளிப்புறத்தில் இரண்டு கைகளாகப் பூசி, முதற்கை இறுகிய பின் மறுகை போடுதல் நலம். அதன்பின் 7 நாட்கள், குழாயைப் பீய்ச்சாமல், மெல்லிய தூவலாக நீர் விட வேண்டும்.

வர்ணத்துக்கு அவசரம் ஆகாது. பூச்சின் காரமும் ஈரமும் அடங்க ஏறத்தாழ ஒரு மாதம் விட்டு, பிரைமர் அடித்து, வெளிச்சுவருக்கு ஆவியை வெளியே விடும் எமல்ஷனைத் தேர்ந்துகொள்வதே உத்தமம். எனாமல் போன்ற எண்ணெய் வர்ணம் ஈரத்தை உள்ளே சிறைப்படுத்தி, கொப்புளமாக உரிந்து விழும். தை மாதத்தில் பூசி, பங்குனியில் வர்ணம் தீட்டுவோருக்கு, இடையிலுள்ள வெயில் சுவரை உலர்த்தித் தந்துவிடும். ஐப்பசி மழை வருமுன் சுவர் முழுக் கவசத்தோடு நிற்கும்.