துரைசாணிகள் எழுப்பாத சுவர்

நம்பிக்கை: கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் வெள்ளைக்காரர்களும் நம்மவர்களும் ஒட்டி உறவாடினார்கள். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்து, வெள்ளைக்காரப் பெண்களான துரைசாணிகள் கப்பல் கப்பலாக வந்திறங்கிய பிறகுதான் உறவு கெட்டது.

உண்மை: பழிபோட ஒரு பெண் கிடைத்தால் யாரும் ஆண்டுக் கணக்கைப் பார்ப்பதில்லை. பார்ப்போம்.

1680-களில் சென்னைக் கோட்டைச் சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதைக் கம்பெனி இயக்குநர்களே ஆதரித்தார்கள். அப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடக்கும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் தரலாம் என்றும் எழுதினார்கள். பாசமெல்லாம் இல்லை, சிப்பாய்கள் போர்த்துக்கீசியக் கத்தோலிக்கப் பெண்களைக் கட்டினால் பிள்ளைகள் அந்த மதத்துக்குப் போய்விடுமே என்ற கவலை.

நூறாண்டு கழித்து அதே கம்பெனி திசை மாறியது. ஆங்கிலேய அதிகாரிகளுக்கு இங்கே பிறந்து, தந்தையை இழந்த கலப்பினப் பிள்ளைகள் படிப்புக்காக இங்கிலாந்து போக 1786-ல் தடை வந்தது. இந்தியத் தாய்க்குப் பிறந்தவருக்குக் கம்பெனிப் பதவி இல்லை என்றது 1791-ஆம் ஆண்டு உத்தரவு. 1795-ல் படையில் அவர்களுக்கு மிஞ்சியவை குழலூதுவது, முரசடிப்பது, லாடம் கட்டுவது போன்ற வேலைகள்தாம். கால்வாய் திறப்பதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே நடந்த காரியம் இது. நல்ல சம்பளப் பதவிகள் தங்கள் வீட்டுப் பையன்களுக்கே போகவேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது.

ஸ்காட்லாந்துத் தந்தைக்கும் ராஜபுத்திரத் தாய்க்கும் பிறந்த ஜேம்ஸ் ஸ்கின்னருக்கு இதனால் கம்பெனிப் படையில் இடமில்லை. மராட்டிய மன்னர் சிந்தியாவின் படையில் சேர்ந்தார். 1803-ல் மராட்டியப் போர் மூண்டதும், வேண்டாம் என்ற கம்பெனியே அவரிடம் குதிரைப்படையை ஒப்படைத்தது.

நம்பிக்கை: கால்வாய்க்கு முந்தைய கலப்பாவது சமத்துவமானது.

உண்மை: ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டினால் தந்தையின் பெயர் இருக்கும், பல இடங்களில் தாயின் பெயர் இருக்காது. ஹைதராபாதில் கம்பெனியின் பிரதிநிதியாக (ரெசிடென்ட்) இருந்த கிர்க்பாட்ரிக் உயர்குடிப் பெண்ணான கைருன்னிசாவை முறைப்படி மணந்தவர். அவர்கள் பிள்ளைகள் இருவரும்கூட 1805-ல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, கிறிஸ்தவப் பெயர்களோடு வளர்ந்தார்கள். தாய் அவர்களை மறுபடி பார்க்கவேயில்லை.

துரைசாணிகள் அப்பாவிகள் என்றும் சொல்லவில்லை. இந்திய நீதிபதிகள் ஐரோப்பியரை விசாரிக்க வழிசெய்த இல்பர்ட் மசோதாவை 1883-ல் அவர்களும் ஆவேசமாக எதிர்த்தார்கள். ஆனால் சட்டசபையில் அவர்களுக்கு இடமே கிடையாது. மசோதாவை நீர்க்கச் செய்து, ஜூரியில் பாதிப்பேராவது ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ இருக்கவேண்டும் என்று கேட்கும் உரிமையை 1884-ல் வெள்ளையருக்குக் கொடுத்தவர்கள் அந்தச் சபை ஆண்கள்தாம்.